புதர்கூட இல்லாத பத்து கிலோமீட்டர்

கடல் வற்றியிருக்கும் நேரத்துக்குள், ஃபிரீஸ்லாந்துக் கரையிலிருந்து எதிரே உள்ள தீவுக்கு ஆட்களைச் சேற்றில் நடத்திக் கூட்டிப்போவதுதான் ஹிஸ்கேயின் வேலை. பத்து கிலோமீட்டருக்கு ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. அதற்கென்ன என்பீர்கள். வயிறு சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களுக்கு ஒன்றுமில்லைதான்.

ஹிஸ்கேயின் வயிறு நான்கு வருஷமாக அவள் பேச்சைக் கேட்பதில்லை. எல்லாச் சோதனையும் செய்துபார்த்த டாக்டர், "எரிச்சல் குடல்னு பேரு. உசுருக்கு ஒண்ணுமில்ல, பழகிக்கணும்" என்று சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கென்ன! அவள் வெங்காயத்தை விட்டாள், ஆப்பிளை விட்டாள், காப்பியையும் விட்டாள். நடைக்கு முந்தின நாள் வெறும் சோறும் கேரட்டும்தான். காலையில் ஒரு மாத்திரை. இத்தனைக்குப் பிறகும் அந்தச் சனியன் தனக்குத் தோன்றிய நேரத்தில் முறுக்கும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் சிரிப்பார்கள், முன்னால் நடக்கும் வேலையும் போய்விடும் என்று பயம்.

அன்றைக்குப் பதினான்கு பேர். முன்னால் ஹிஸ்கே. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் கூட்டாளி மெய்ன்டர்ட். முக்கால் வழி தாண்டியபோது அவளுக்கு அடிவயிறு சுருக்கென்றது. பிறகு பிழிய ஆரம்பித்தது. குளிர்காற்றிலும் நெற்றி வேர்த்தது.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று சொல்லலாம். மூத்திரம் வந்தவர்களுக்காகத் தினமும் அவள் சொல்வதுதான். தனக்காகச் சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு நேரமாகுமோ, என்ன சத்தம் வருமோ! அதற்குச் செத்தே போகலாம். தீவில் ஏறியதும் ஒரு கழிப்பறை உண்டு. அதை நினைத்துக்கொண்டு நடையை எட்டிப்போட்டாள்.

"ஏய் ஹிஸ்கே, உன்னைப் பேயா துரத்துது?" மெய்ன்டர்ட் பின்னாலிருந்து கத்தினான். "இங்க எல்லாருக்கும் மூச்சு வாங்குது!"

"தண்ணி சீக்கிரம் திரும்புது! ம், நடங்க நடங்க!"

பச்சைப் பொய். தண்ணீர் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கேட்டவர்கள் அரண்டுபோய் ஓடினார்கள். லெய்டா என்ற ஓய்வுபெற்ற டீச்சர் முழங்கால்வரை புதைந்து, பதறி இழுத்ததில் காலைத் திருகிக்கொண்டு அலறினாள். ஹிஸ்கே திரும்பிப் பார்த்தாள். ஆனால் திரும்பிப் போகவில்லை. போயிருந்தால் அங்கேயே ஆகியிருக்கும்.

தீவில் ஏறியதும் ஓடிப் புகுந்த கழிப்பறையிலிருந்து அவள் வெளியே வந்தாள். மெய்ன்டர்ட் தோளில் தாங்கிக் கொண்டுவந்து சேர்த்த லெய்டா புல்மேட்டில் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. அவன் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

லெய்டா ஹிஸ்கேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் விரட்டலேன்னா இன்னிக்கு நாங்க பதினாலு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம். நல்லாயிருப்பே தாயி!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மெய்ன்டர்ட் நிமிரவில்லை. தண்ணீர் வரும் நேரம் அவனுக்கும் தெரியும். "ஆமா, கெட்டிக்காரிதான்" என்று மட்டும் முணுமுணுத்தான். அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவன் தன் வாயைக் கட்டிக்கொண்டது அவளுக்குத் தாங்கவில்லை.

"தண்ணி வரலீங்க" என்றாள் ஹிஸ்கே. "எனக்குக் குடல் நோவு. நாலு வருஷமா. வழியில முட்டிக்கிட்டு வந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு உங்களை ஓட விட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான்கு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த சிரிப்பு ஒருவர் முகத்திலும் வரவில்லை.

லெய்டா பிடித்திருந்த கையை விட்டாள். கண்ணில் நீர் கோத்திருந்தது. வலியோ கோபமோ, தெரியவில்லை.

"இதுக்கா?" என்றாள். "அடிப் பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்போமேடி."