மூன்று பேர் ஒரே பக்கம்

ஆட்டம் தோற்றதும் உள்ளூர் வானொலிக்காரர் மைக்கை நீட்டினார். ராய்ஸ் ஹாட்லி யோசிக்காமல் சொல்லிவிட்டான்: "டெரன்ஸ் தன் ஆளைக் கோட்டை விட்டுட்டான். நாங்க என்ன பண்றது?"

மேற்கு டெக்சாஸின் அந்தச் சிற்றூரில் வெள்ளிக்கிழமை இரவு, பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் பள்ளி ஃபுட்பாலை வானொலியில் கேட்காத வீடு கிடையாது.

தற்காப்பு வரிசையில் கடைசியாக நிற்பவன் ராய்ஸ். எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்து, ஆளுக்கு ஆள் காவலா, அவரவர் இடத்துக்குக் காவலா என்று கைகாட்டுபவன் அவன்தான். கடைசி நிமிடத்தில் எதிரணி, பந்து பிடிக்கும் மூவரையும் ஒரே பக்கம் நிறுத்தியது. ராய்ஸ் இடக்காவலுக்குக் கைகாட்டினான். டெரன்ஸ் ஓரத்தில் தன் இடத்தைக் காத்து நின்றான். தன்னைத் தாண்டிப் பின்பக்கம் ஓடியவனை ராய்ஸ் பொறுப்பில் விட்டான். ராய்ஸோ நடுவில் ஓடியவன் பின்னால் போய்விட்டான். எறிந்த பந்து டெரன்ஸின் தலைக்கு மேலே பறந்து, பின்பக்கம் ஓடியவன் கையில் விழுந்தது. டெரன்ஸ் மரம்போல நின்றதுதான் ஊர் கண்ணில் பட்டது.

சனிக்கிழமை காலை பயிற்சியாளர் கெஸ்லர் அணிக்கு ஆட்டத்தின் படத்தைப் போட்டார். திரையில் ராய்ஸின் உயர்ந்த கை பளிச்சென்று தெரிந்தது.

"இடக்காவல்னு நீதானே காட்டின? அப்புறம் ஏன் நடுவுல ஓடின?"

"மூணு பேர் ஒரே பக்கம் நின்னா எனக்குக் குழம்பிடும், கோச். ஆகஸ்ட்ல பயிற்சி ஆரம்பிச்சதுலேருந்தே புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

"கைய மட்டும் நல்லாத்தான் காட்டுறான்," என்றது ஒரு குரல். ராய்ஸின் காது மடல்கள் எரிந்தன.

"புரியலைங்கறது பெரிய தப்பில்ல," என்றார் கெஸ்லர். "ரேடியோல பேசினியே, அதுக்கு என்ன சொல்ற?"



வெளியே வந்ததும் ராய்ஸ் டெரன்ஸின் பின்னால் ஓடினான். "மன்னிச்சிருடா."

"எங்கிட்ட ஏன் சொல்ற? நேத்து வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எங்கப்பா எங்கூட ஒரு வார்த்தை பேசல. அவர்கிட்ட போய்ச் சொல்லு."

போனான். டெரன்ஸின் அப்பா மிஸ்டர் போக்ஸ் லாரியின் எஞ்சினுக்குள் குனிந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஊருக்கே கேக்குற மாதிரி பழி போட்ட. நெசத்த எங்காதுல மட்டும் ஓதுற. அப்படித்தானே, தம்பி?"

"ஆமா, சார்," என்றான் ராய்ஸ்.

திங்கள்கிழமை முதல் கைகாட்டும் வேலை டெரன்ஸுக்குப் போயிற்று. அன்று பயிற்சியில் மூவர் ஒரே பக்கம் நின்றபோது, எல்லோர் முன்னிலும் ராய்ஸ் கேட்டான்: "கோச், இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். டெரன்ஸ் சிரிக்கவில்லை, அவன் பக்கம் திரும்பவும் இல்லை.