5418 நிற்கக் கூடாது

கீழ்க்கட்டளையில் சம்பத்தின் அப்பா வரைக்கும் நெல் போட்டார்கள். சம்பத் காம்ப்ளெக்ஸ் போட்டார். தரைத்தளத்தில் கம்பிக் கடை, முதல் மாடியில் டைல்ஸ் ஷோரூம். இரண்டாம் மாடிக்கு யாரும் வாடகைக்கு வராததால் அங்கே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதற்கு அவரே முதலாளி.

கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு கட்டளை. சர்வரில் ஓடும் புரோகிராம்களை அவற்றின் எண்ணோடு காட்டும் கட்டளை. தினமும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சர்வர் அறைக்குள் போவார். கட்டளையை அடிப்பார். திரையில் 5418 தெரிந்ததும் விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

எந்தப் புரோகிராமைத் தொடங்கினாலும் மெஷின் அதற்கு ஓர் எண் கொடுக்கும். பேங்கில் டோக்கன் கொடுப்பது போல, வரிசையில் அடுத்தது எதுவோ அது. உலகத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சம்பத் பார்த்தார். திறப்பு விழாவன்று நங்கநல்லூர் எண் ஜோதிடர் பக்தவச்சலத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கூட்டுத்தொகை ஒன்பது வரும்வரை புரோகிராமை நிறுத்தி நிறுத்தித் தொடங்கச் சொன்னார். விருந்தாளிகள் கேசரியைத் தின்று முடித்து, தட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள். ஐந்து, நான்கு, ஒன்று, எட்டு. பதினெட்டு. ஒன்பது.

"இது நிக்கக் கூடாது," என்றார் பக்தவச்சலம்.

நிற்கவில்லை. அதற்காகவே ஒரு ஜெனரேட்டர் வாங்கப்பட்டது. கரண்ட் போனால் ஊழியர்களின் ஃபேன் நிற்கும். 5418 ஓடும்.

அது செய்த வேலை சின்னது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக்கடைக்குத் தமிழில் லேபிள் அச்சடித்துக் கொடுப்பது. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். அவ்வளவுதான்.

இந்த மாடியில் வேலை தெரிந்தவள் மெஹ்னாஸ் ஒருத்திதான். அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வேலையில் சேர்ந்த அன்றே அவளுடைய ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார் சம்பத். இரண்டு வருஷ பாண்ட். அவளாகப் போனாலும், அவர் அனுப்பினாலும், பாண்ட் முடியாமல் அது வெளியே வராது. இப்போது தரமணியில் ஒரு பெரிய கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. திங்கட்கிழமை ஒரிஜினலோடு வரவேண்டும்.

"அதெல்லாம் பாண்ட் முடிஞ்சப்புறம் பேசிக்கலாம்மா," என்று வியாழக்கிழமை சொல்லிவிட்டார் சம்பத். பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக்கடைப் பொறுப்பாளர் ஞானம்மாள் போன் செய்தார். சம்பத் அதை ஸ்பீக்கரில் போட்டார். நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்.

"சம்பத் சார், உங்க லேபிள்ல 'சாப்பாட்டுக்கு'ன்னு மட்டும் வருது. முன்னா, பின்னா?"

"இன்னாம்மா?"

"பாதி எழுத்தை உங்க மெஷின் முழுங்கிடுது. நேத்து ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம படுத்துட்டார். மயங்கிட்டார். பதினோரு மணிக்கு நானே நேர்ல வர்றேன். முழுசா வரலைன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்."

சம்பத் போனை வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மெஹ்னாஸ், இது இன்னா பேஜாரு?"

"நான் போன வாரமே சொன்னேன் சார். தமிழ் எழுத்து வரையற லைப்ரரி பழசு. நீளமான வரியை வெட்டுது. புதுசைத் தனி ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கேன். புரோகிராம் அங்க போய்த் தேடணும். அதை நிறுத்திட்டு, தேடற இடத்தை மாத்தித் தொடங்கினா முடிஞ்சுது."

"நிறுத்தவா?"

அந்த ஒரு சொல்லில் அவருக்கு வியர்த்தது. உடனே சர்வர் அறைக்கு ஓடினார். தேடும் இடத்தை மாற்ற மெஹ்னாஸ் தாளில் எழுதி வைத்திருந்த வரியை ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தன் திரையில் அடித்தார். என்டர் தட்டினார். மெஹ்னாஸை லேபிள் ஒன்று அச்சடிக்கச் சொன்னார். 'சாப்பாட்டுக்கு.' மறுபடி, இந்த முறை அழுத்தி அடித்தார். 'சாப்பாட்டுக்கு.'

"மாத்திட்டேனே. எடுக்க மாட்டேங்குதே."

"உங்க திரையில மாத்தினா உங்க திரைக்குத்தான் தெரியும் சார். புரோகிராம் தொடங்கறப்போ ஒரே ஒரு தடவைதான் எங்கெங்க தேடணும்னு பார்க்கும். அப்புறம் நீங்க கத்தினாலும் கேக்காது."

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா? லேபிளும் சரியா வரணும், நம்பரும் மாறக் கூடாது. ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் நீ கெளம்பு. சர்டிபிகேட்டை மறந்துடு."

மெஹ்னாஸ் அவரை ஒரு கணம் பார்த்தாள். கம்பிக் கடை வாசலில் வெயிலில் நிற்கும் மாட்டை அவள் தினமும் இதைவிட மரியாதையாகப் பார்ப்பாள்.

"நம்பர் மாறாது சார்," என்றாள்.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வழி இருந்தது. ஒரு சிக்னல் கொடுத்தால் 5418 தன்னுடைய ஃபைலை டிஸ்க்கிலிருந்து புதிதாக ஏற்றிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கும். உள்ளே இருந்தது முழுக்கப் போய்விடும். எண்ணும், எங்கே தேடுவது என்ற பழைய குறிப்பும் மட்டும் மிஞ்சும். ஆகவே ஃபைலின் முதல் வரியிலேயே ஒன்றைச் சேர்க்கவேண்டும்: புது ஃபோல்டரில் தேடு என்று தனக்குத் தானே எழுதிக்கொண்டு, தன்னையே மறுபடி தொடங்கிக்கொள். அடுத்த பிறவியில் அது சரியான இடத்தில் தேடும்.

எழுதினாள். பழைய ஃபைலின் இடத்தில் புதியதை வைத்தாள். சிக்னலைத் தட்டினாள்.

சர்வரின் காற்றாடி அலறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஞானம்மாள் குடையோடு உள்ளே வந்தார்.

"லேபிள் எங்கே?"

லேபிள் வரவில்லை. பாதி லேபிள்கூட வரவில்லை. சம்பத் அவசரமாகத் தனக்குத் தெரிந்த ஒரே கட்டளையை அடித்தார். 5418. முகம் மலர்ந்தது.

"ஓடிக்கினுதான் இருக்கு மேடம். பாருங்க, நம்பர் அப்படியே கீது."

"நம்பரை மாத்திரைல ஒட்டிக் கொடுக்கவா சார்?"

மெஹ்னாஸுக்குத் தப்பு புரிந்துவிட்டது. 'ஏற்கெனவே மாற்றியாயிற்றா?' என்று கேட்கும் வரியை அவள் எழுதவில்லை. அதனால் புரோகிராம் பிறந்ததும் இடத்தை மாற்றிக்கொண்டு செத்தது. பிறந்தது, மாற்றிக்கொண்டது, செத்தது. மூச்சு விடுவதற்குள் ஆயிரம் தடவை. ஒரு வேலையும் நடக்கவில்லை, எண் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அதைத்தான் சம்பத் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். திருத்திய ஃபைலை அதே இடத்தில் வைத்தாள். சிக்னல்கூடத் தேவைப்படவில்லை. அடுத்த பிறவி திருத்தத்தோடு பிறந்தது. காற்றாடி அடங்கியது. பிரின்டர் ஒரு லேபிளைத் துப்பியது. 'சாப்பாட்டுக்கு முன்.'

ஞானம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். இன்னொன்று கேட்டார். 'சாப்பாட்டுக்குப் பின்.' தன் கடைக்குப் போன் செய்து அங்கேயும் முழுசாக வருவதை உறுதி செய்துகொண்டார்.

"எப்படி சரி பண்ணீங்க?"

"எல்லாம் அந்த நம்பர் மேடம்," என்றார் சம்பத். "ஒம்போது. அது காப்பாத்திடுச்சு."

ஞானம்மாள் மெஹ்னாஸைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

"சார், என் சர்டிபிகேட்," என்றாள் மெஹ்னாஸ்.

"இன்னாத்துக்கு இப்போ அது? பாண்ட் இருக்கு. நாளைக்கு இன்னொரு லைப்ரரி வந்தா யார் மாத்துவா?"

"சரி சார். அப்போ ஒண்ணு சொல்லிடறேன். நம்பர் மாறலை. ஆனா நீங்க அன்னைக்கு முகூர்த்தத்துல தொடங்கினது இப்போ இல்லை. இப்போ ஓடறது இன்னைக்குப் பிறந்தது."

"எப்போ பிறந்தது?"

"இப்போதான். ஞானம்மாள் மேடம் குடையை மடிச்சு வெச்சாங்களே, அப்போ."

சம்பத்தின் கண் சுவர்க் காலண்டருக்குப் போனது. வெள்ளிக்கிழமை. ராகு காலம் பத்தரை டு பன்னிரண்டு. அந்த நேரத்தில் இந்த ஆபீஸில் யாரும் புதுப் பேனாவைக்கூடத் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால்.

நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் 5418 தெரிந்தது. இந்த முறை தொடவில்லை.

"பக்தவச்சலம் சாருக்குப் போன் போடட்டுமா சார்?"

"வேணாம். வேணாம்மா." குரல் இறங்கிவிட்டது. "நல்ல நேரத்துல மறுபடி பிறக்க வைக்க முடியுமா? நம்பர் மாறாம?"

"முடியும். சாயந்தரம் நாலே முக்காலுக்கு நல்ல நேரம். பீரோ சாவி உங்ககிட்டதானே சார் இருக்கு?"

நாலே முக்காலுக்குச் சம்பத் கற்பூரத் தட்டோடு நின்றார். மெஹ்னாஸ் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, சர்டிபிகேட் தன்னுடையதுதான் என்று பார்த்துப் பையில் வைத்தாள். பிறகு ஒரு வரி அடித்து என்டர் தட்டினாள். சம்பத் திரைக்குச் சூடம் காட்டினார்.

"மெஹ்னாஸ், காலைல பிறந்தது செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு சார்."

"நிச்சயமா?"

"நம்பரைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பல்லாவரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.