ஜனார்த்தனன் ஏன் தள்ளாடுகிறான்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு நாய். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முள்ளியவளையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். ஒருவன் சைக்கிளைப் பிடித்தபடி தள்ளாடித் தள்ளாடி வந்தான். சைக்கிள் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். வேலிக்குள் இருந்து ஒரு நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தது. அவன் ஒரே தாவலில் சைக்கிளில் ஏறி, கோடு கீறினாற்போல் நேராக ஓட்டினான். நாய் அலுத்துத் திரும்பியதும் இறங்கினான், சுற்றுமுற்றும் பார்த்தான், மறுபடி தள்ளாடத் தொடங்கினான்.

அந்த வாரம்தான் ஒரு சங்கத்தார் என்னிடம் கதை கேட்டிருந்தார்கள். வயல் வேலை செய்பவர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றியது. "கடைசியில குடிகாரன் திருந்த வேணும் ஐயா, அதுதான் முக்கியம்." நானும் பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

2

முதலாவது தொடக்கம்: "ஜனார்த்தனன் ஒரு குடிகாரன்."

(பொய். வெட்டிவிட்டேன்.)

இரண்டாவது: "அவன் மனைவி கமலாசனி கண்ணீரும் கம்பலையுமாகக் குசினி வாசலில்…"

(கமலாசனி அழுகிற ஆளில்லை. இந்த வசனத்தைக் கண்டால் அகப்பையோடு என்னைத் தேடி வருவாள்.)

மூன்றாவது: "மாரி ஓய்ந்த மாலைப் பொழுதில் பச்சைப் பசேலென்ற வயல்வெளி…"

(வயலை யார் கேட்டது? ஆளைச் சொல்லு.)

சரி, சொல்கிறேன். ஜனார்த்தனன் குடிப்பதில்லை. போன போகத்தோடு விட்டுவிட்டான். சங்கத்தார் மன்னிக்க வேண்டும், கதை தொடங்க முன்னமே ஆள் திருந்திவிட்டான்.

3

அவன் அப்புத்துரையின் செற்றில், அவர் கூட்டிப்போகும் கூலியாட்களில் ஒருவனாக, வயலுக்கு மருந்தடிக்கிறவன். நெல்லில் தத்திப் பூச்சி விழுந்தால் வயற்காரர் அப்புத்துரையைத்தான் தேடி வருவார்கள். அவர் ஆட்களோடு வருவார். முதுகில் மருந்துத் தாங்கியை மாட்ட முன்னம் வயற்காரர் ஒரு போத்தல் சாராயத்தை வரம்பில் வைக்க வேண்டும். ஆளுக்கொரு கப் இறங்கிய பிறகுதான் கால் சேற்றில் இறங்கும்.

"வயித்துக்குள்ள சாராயம் நிண்டா மருந்து உள்ளுக்க ஏறாது" என்பது அப்புத்துரையின் உறுதியான நம்பிக்கை.*

*(சுத்தப் பிழை. இரண்டும் சேர்ந்துதான் ஆளைத் தின்னும். ஜனார்த்தனன் போன போகம் மருந்தடித்துக்கொண்டிருக்கும்போதே முகங்குப்புறச் சேற்றில் விழுந்தான். அப்புத்துரைதான் தூக்கி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். "இனித் தொட்டா ஈரல் தாங்காது" என்றார் டொக்டர். அப்புத்துரையின் முடிவு வேறு: "அண்டைக்குக் குறைச்சுக் குடிச்சிட்டான்.")

குடியை விட்டதை வாய்திறந்து சொல்லலாமே என்பீர்கள். அதே செற்றில் இருந்த கோகுலன் அப்படிச் சொன்னான். அவனை யாரும் திட்டவில்லை, நக்கலடிக்கவில்லை. "பாவம், வெறும் வயித்தோட நிண்டா அவனுக்கு மருந்து ஏறிப்போடும், கூப்பிடாதேங்கோ" என்று அப்புத்துரை மனமுருகிச் சொன்னார். அவ்வளவுதான், கோகுலனை அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. கெட்டவர்களை எதிர்த்து நிற்கலாம். இரக்கப்படுகிறவர்களை என்ன செய்வது?

ஆகவே ஜனார்த்தனன் கப்பை வாங்குவான், சூரியனைக் கும்பிடுவதுபோல் மறுபக்கம் திரும்புவான், ஒரு வாய் கொப்பளித்துத் துப்புவான், மிச்சத்தைத் தன் மருந்துத் தாங்கிக்குள் ஊற்றிவிடுவான். பிறகு தள்ளாடுவான். அவன் அடித்த பாத்தியில் தத்தி எல்லாம் சாராய வெறியில்தான் செத்திருக்கும். (இது ஆராய்ச்சி முடிவல்ல, என் ஆசை.) "குடிச்சாத்தான் அவன்ர கை வேலை செய்யும்" என்று வயற்காரர் அவனையே விரும்பிக் கேட்கத் தொடங்கினார்கள்.

4

இங்கேதான் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருவன் இருப்பானா? கமலாசனிக்கும் அதே சந்தேகம்தான்.

"நான் குடிக்கிறேல்லையடியப்பா!"

"அப்ப ஏன் தள்ளாடுறீங்கள்?"

"அது சும்மா, அப்புத்துரையருக்குக் காட்டத்தான்."

"சும்மா ஆரும் தள்ளாடுவினமே? வாயை ஊதுங்கோ."

ஊதினான். கொப்பளித்த வாய் அல்லவா, குப்பென்று அடித்தது. கமலாசனி சத்தம் போடவில்லை. "இன்னொருக்கா ஆராவது வந்து நீங்கள் வெறியில வாறதைக் கண்டனெண்டு சொன்னா, தேனுகாவையும் கூட்டிக்கொண்டு பூவரசங்குளத்துக்கு அம்மா வீட்ட போயிடுவன்" என்றாள். தேனுகா அவர்களின் மகள். அவள் அப்பாவின் தள்ளாட்டத்தை அழகாக நடித்துக் காட்டுவாள். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அவன் அழுதான். இந்த இடத்தில் எனக்கும் விளையாட்டுப் போதும் என்று தோன்றியது.

5

யாரோ வந்து சொன்னார்கள். சொல்லாமல் விடுவார்களா?

இப்போது ஆட்கள் வேலை முடிந்து றோட்டுக்கு ஏறுகிறார்கள். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கிறது. பையும் பிள்ளையுமாகக் கமலாசனி அதில் ஏறப்போனவள், அவனைக் கண்டு இறங்கி நிற்கிறாள்.

"இஞ்ச நேரா நடந்து வாங்கோ. நான் பாக்க வேணும்."

அப்புத்துரை அவன் தோளை அணைத்துக்கொள்கிறார். "பிள்ளை, அவன் இண்டைக்கு நல்லாப் போட்டிட்டான், குறை நினையாதை. நாளைக்குப் பெரிய வயல் இருக்கு, அவனில்லாமல் ஏலாது."

ஜனார்த்தனன் அவர் கையை மெல்ல விலக்கிவிட்டு, றோட்டைக் கடக்க ஒரு காலைத் தூக்குகிறான்.

முடிவு ஒன்று: நேராக நடக்கிறான். மனைவி நம்புகிறாள். நாளைக்கு அப்புத்துரை இரக்கப்படுவார்.

முடிவு இரண்டு: தள்ளாடுகிறான். வேலை நிலைக்கும். பஸ் போய்விடும்.

முடிவு மூன்று (சங்கத்தாருக்கு): அப்புத்துரையும் ஆட்களும் அந்த இடத்திலேயே குடியை விட்டுவிட, எல்லோரும்… எல்லோரும் என்ன? என்னால் முடியவில்லை.

முடிவு நான்கு: அப்புத்துரையும் இவ்வளவு காலமும் தாங்கிக்குள்தான் ஊற்றி… அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் அவர் மூச்சு இங்குவரை அடிக்கிறதே.

பேனையைக் கீழே வைத்தேன். தேத்தண்ணி குடித்தேன். வெற்றிலை போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

தூக்கிய காலை எங்கே வைப்பதென்று நான் எழுதாததால் ஜனார்த்தனன் இன்னும் ஒற்றைக் காலில்தான் நிற்கிறான், ஆடாமல் அசையாமல். வெறிகாரன் ஒருவனால் இவ்வளவு நேரம் அப்படி நிற்க முடியாது. கமலாசனி அதைக் கண்டுவிட்டாள், கையிலிருந்த பையை நிலத்தில் வைக்கிறாள். அப்புத்துரையும் கண்டுவிட்டார். அவர் முகத்தில் அந்த இரக்கம் மெல்ல மெல்ல வந்துகொண்டிருக்கிறது.

பஸ் றைவர் ஹோர்ன் அடிக்கிறான். காலை எங்கே, எப்படி வைப்பதென்று இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். கெதியாகச் சொல்லுங்கோ, அவனுக்குக் கால் உளைகிறது.