மஸாஹிரா செடி

கட்டுகஸ்தோட்டையில் கைரியா வீட்டு முற்றத்துச் செடிகளுக்கெல்லாம் மனிதப் பெயர்கள்தான். அந்தச் சின்ன ஒழுங்கையில் குடியிருப்போரின் வழக்கம் அது. யார் தண்டு ஒடித்துத் தந்தாரோ, செடிக்கும் அவர் பெயர். புசல்லாவையிலிருந்து வந்த வீரம்மா தந்த பிகோனியா, வீரம்மா. தெல்தெனிய மாமி தந்த ரோஜா, தெல்தெனிய மாமி. மாமிக்குப் பூச்சி பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த வீட்டில் எவரும் பதறுவதில்லை.

வாசலுக்கு இரு பக்கமும் ஊதா இலைகளோடு தழைத்து நின்றது மஸாஹிரா. மழை விட்டதும் இலைகள் மினுங்கும்; வீதியில் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள். அதைத் தந்த மஸாஹிரா நாலு வீடு தள்ளி இருந்தாள். போன நோன்புப் பெருநாள் வரை அவளும் கைரியாவும் உயிருக்குயிராய் இருந்தார்கள்.

பெருநாள் கழிந்து, கைரியாவின் மகள் நதாவுக்கு வந்த சம்பந்தம் ஒன்று முறிந்துபோனது. மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, நல்ல பிள்ளை, வாய்தான் கொஞ்சம் நீளம் என்று மஸாஹிரா சொல்லிவிட்டாளாம். நதாவின் வாய் நீளம் ஊருக்கே தெரியும். பெற்றவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் கோபம் ஆறவில்லை. இனி அந்தப் பெயரை வாயால் சொல்லப்போவதில்லை என்று கைரியா சபதம் போட்டாள். மறுநாள் காலையிலேயே கணவர் ஹுஸைன், மஸாஹிராவுக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று கேட்டுவைத்தார்.

செடியைப் பிடுங்கியெறியக் கைரியாவுக்கு மனம் வரவில்லை. செடி என்ன பாவம் செய்தது? பெயரை மாற்றினால் போதும் என்று பட்டது. நதா இலையைக் கைபேசியில் படம் பிடித்து விஞ்ஞானப் பெயரைத் தேடியெடுத்தாள். ஸ்ட்ரோபிலாந்தஸ் டையரியானா. டையர் என்றொரு வெள்ளைக்காரத் துரையின் நினைவாக வைத்த பெயராம்.

"இதுவும் ஆள் பேருதான் உம்மா," என்றாள், அந்த நீளமான வாயால்.

"பரவாயில்ல. அவரு எனக்கு ஒண்ணும் செய்யல்லயே."

மனனம் செய்து ஒரு வாரத்தில் கைரியா அதை நாக்குக்குப் பழக்கிவிட்டாள். ஹுஸைனால் ஸ்ட்ரோவுக்கு அப்பால் போக முடியவில்லை. கையைக் காட்டி, அந்தச் செடி என்பதோடு நிறுத்திக்கொண்டார். கைரியாவோ மீன்காரர் செடியைப் பார்த்தாலும் முழுப் பெயரையும் ஒப்புவித்தாள், நாலு வீடு தள்ளிக் கேட்கிற குரலில்.

எதிர் வீட்டுக்கு மடுல்கெல்லவிலிருந்து இராஜேஸ்வரி புதிதாகக் குடிவந்தாள். கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை. அவளுக்கும் அந்த ஊதா இலையில் ஆசை விழுந்தது. கைரியா நல்ல தண்டுகளாகப் பார்த்து ஒடித்து, யோகட் கப்பில் மண் போட்டு ஊன்றிக் கொடுத்தாள். பெயரையும் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தாள். இராஜேஸ்வரி ஒருமுறை முயன்று பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"இதெல்லாம் என் வாய்க்கு வராதுக்கா. கைரியாக்கா செடின்னே சொல்லிக்கிறேன்."

வழக்கப்படி அது சரிதான். கைரியா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இராஜேஸ்வரியிடம் தண்டு வாங்கப்போகிறவர்களுக்கு மஸாஹிரா என்று ஒருத்தி இருந்ததே தெரியாமல் போகும். கைரியா விரும்பியதும் அதைத்தானே. ஆனால் கைரியாவுக்குப் பழைய நாளொன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமாகி இந்த ஒழுங்கைக்கு வந்த புதிதில், ஒரு முகமும் தெரியாமல் ஜன்னலருகே அழுதுகொண்டிருந்தவளைத் தேடி, கொட்டும் மழையில் ஒருத்தி முந்தானைக்குள் ஈரத்தண்டை மறைத்துக்கொண்டு வந்தாள். அதைத் தன்னுடையது என்று கொடுத்தனுப்புவது திருடுவது போலிருந்தது. கைரியாவுக்குக் கோபக்காரி என்று பேர் உண்டு. கள்ளி என்று யாரும் சொன்னதில்லை.

இராஜேஸ்வரி வாசல் கேற்றைத் தாண்டப் போனாள்.

"நில்லுங்க புள்ள," என்றாள் கைரியா. "அது எண்ட செடி இல்ல. மஸாஹிரா தந்தது."

"மஸாஹிராங்கிறது யாருக்கா?"

கைரியா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். பிறகு நாலாவது வீட்டைக் காட்டினாள்.

"எண்ட கூட்டாளி."