பச்சைக் கதவுத் தங்கமீன் கடை

நூடுல்ஸ் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், நான் வரைந்த தெருப்படத்தை மேசைமேல் விரித்து, மூலைக்கொன்றாகத் தேநீர்க் குவளைகளை வைத்தார். தெங் குய்ஷியாங் என்று பெயர். முப்பது வருடங்களுக்கு முன்னால் இந்த ஆற்றோர ஊரின் சந்தையில் நாலு வயது மகளைத் தொலைத்தவர். நான் ஏறக்குறைய அதே வயதில் எங்கிருந்தோ திருடப்பட்டு, வடக்கே ஒரு கோதுமைக் கிராமத்தில் விற்கப்பட்டவள். இருவரும் மரபணுச் சோதனைக்குப் போலீஸில் ரத்தம் கொடுத்துவிட்டோம். முடிவு வர நாளாகும். அதுவரை பொறுக்க முடியாது, முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் போனில் அழுதார்.

எங்களுக்கு இது மூன்றாவது ஊர். காரை நிறுத்தும்போதே என் கணவர் ஷுன்லியாங் சொன்னார்: "இந்த ஊர் நூடுல்ஸாவது நல்லா இருக்கணும். போன ஊர்ல அம்மாவும் கிடைக்கல, நூடுல்ஸும் வேகல." என்னைச் சிரிக்க வைக்கத்தான் இப்படியெல்லாம் பேசுவார். சிரித்தேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தெரு மட்டும்தான். முகங்கள் இல்லை. அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலத் துணிப்பை, என் கண் உயரத்தில், ஆடிக்கொண்டே முன்னால் போகிறது. ஆற்றை நோக்கிப் படிகளாக இறங்கும் தெரு. பெரிய வில்லின் நாணை அதிரவைத்துப் பஞ்சு அடிக்கும் கடை. படக்கதைப் புத்தகங்களை வாடகைக்கு விடும் கடை, அதன் வாசலில் குட்டி முக்காலிகள். சோளப்பொரிக்காரர் இரும்பு உருளையைத் திறக்கும் முன் ஒரு குரல் கொடுப்பார். பிள்ளைகள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வோம். வெடிச் சத்தம், புகை, புகைக்குள்ளிருந்து இனிப்பு வாசனை. வளர்ப்பு வீட்டில் அடி வாங்கிய நாட்களில் போர்வைக்குள் படுத்து அந்தப் படிகளில் இறங்கிப் போவேன், ஒரு கடை விடாமல். மறந்துவிட்டால் திரும்பிப் போக வழி இருக்காதே என்ற பயம்தான்.

படத்தை இணையத்தில் போட்ட பிறகுதான் புரிந்தது. அந்தத் தெரு எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. 'இது எங்க தெரு' என்று எத்தனையோ ஊர்களிலிருந்து எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லாருமே பிள்ளையைத் தொலைத்த தாய்மார்கள்.

இங்கேயும் போய்ப் பார்க்கத் தெரு இல்லை. ஆற்றை ஒட்டி அகலச்சாலை போட்டபோது இடித்துவிட்டார்களாம். அந்த அம்மாளின் ஞாபகமும் என் ஞாபகமும்தான் பாக்கி.

"பஞ்சுக்கடை," அவர் விரல் படத்தில் நின்றது. "நம்ம தெருவிலயும் இருந்துச்சு. அந்த ஆளு எந்நேரமும் இருமிக்கிட்டே இருப்பான். ஞாபகம் இருக்கா கண்ணு?"

சொன்னதுமே ஒரு இருமல் என் காதில் கேட்டது. "இருக்கற மாதிரிதான் இருக்கு, பெரியம்மா."

"சோளப்பொரிக்காரன் வந்தா நீ உன் காதைப் பொத்த மாட்ட. ஓடி வந்து என் காதைத்தான் பொத்துவ." அவர் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. "முட்டைக்கோஸ் பொறுக்கறதுக்குத்தான் உன் கையை விட்டேன். இருக்கறதுல நல்லதா ஒண்ணு எடுக்கலாம்னு."

"அன்னிக்கு உங்க கையில நீலப் பை இருந்துச்சா?"

"நீலந்தான். நீலமேதான்."

அவர் யோசிக்கவே இல்லை. சிவப்பா என்று கேட்டிருந்தால்? அந்தக் கேள்வி வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் படத்துல விட்டுப்போச்சு, பெரியம்மா. படி முடியற இடத்துல ஒரு தங்கமீன் கடை. பச்சைக் கதவு."

அப்படி ஒரு கடை என் நினைவில் கிடையாது. அந்த நிமிடம் நானே கட்டியது. இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு இல்லை போதும், மற்ற எல்லாவற்றையும் நம்பிவிடுவேன்.

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஷுன்லியாங் நிறுத்திவிட்டார். அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு கடையும் அவருக்கும் மனப்பாடம்.

அந்த அம்மாள் கண்களை மூடிக்கொண்டார். விரல் மெதுவாகப் படியிறங்கி, காகிதத்தின் வெற்று ஓரத்துக்குப் போய் நின்றது.

"இருந்துச்சு," என்றார். "பச்சைக் கதவு. கண்ணாடித் தொட்டியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்ப. வாடின்னு இழுத்தாலும் வரமாட்ட."

அவர் பொய் சொல்லவில்லை. மூடிய இமைகளின் ஓரம் நனைந்திருந்தது. அங்கே நின்ற என்னை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை, என் மூக்கு நுனியிலும் கண்ணாடியின் குளிர்ச்சி தட்டியது. நான் கட்டிய கடைக்குள் மீன்கள் அசையத் தொடங்கின. இனி எந்தக் கடை முதலிலிருந்தே இருந்தது, எது யாரோ சொல்லி வந்தது என்று என்னால் பிரிக்க முடியாது. போர்வைக்குள் நான் இறங்கிப்போன தெருவும் இப்படித்தானோ என்னவோ.

"கிளம்பலாமா?" ஷுன்லியாங் குனிந்து என் காதோரம் கேட்டார்.

அதற்குள் கடைக்காரப் பெண் மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. மேலே கொத்தமல்லித் தழை குவிந்து கிடந்தது. அந்த அம்மாள் சட்டென்று என் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"உனக்குத்தான் இது ஆகவே ஆகாதே. வாயில பட்டா துப்பிடுவ."

"யாரு, இவளா? இவ வீட்டுல கொத்தமல்லியை ஆடு மாதிரி..." என்று ஷுன்லியாங் ஆரம்பித்தார். மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் குச்சிகளின் நுனியால் இலையிலையாக எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டார். சாற்றில் மிதந்த சின்னத் துணுக்குகளைக்கூட விடவில்லை. ஒன்றிரண்டு திரும்பத் திரும்ப நழுவி விழுந்தன. நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர் எடுத்து முடிக்கக் காத்திருந்தேன்.