முதல் நாற்றை நட்ட கைகள்

சாலவாக்கத்து ஏரி நிரம்பி, எங்கள் பக்கம் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம் அது. ஞானசுந்தரி அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லாத வருஷமும் அதுதான். புருஷன் பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். விடியுமுன் நிலத்துக்கார ஆண்டாளம்மாள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி வார வேண்டும். வந்து மூன்று பிள்ளைகளுக்குக் கூழ் காய்ச்ச வேண்டும். பிறகு கழனி. நடவுக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகூட மாதா கோயில் மணி காதில் விழும், கால் சேற்றில் இருக்கும்.

"நீ எப்பக்கா சாமி கும்புடுவ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொத நாத்து நடறப்ப. அந்த ஒரு நிமிசம் எனக்கும் கர்த்தருக்கும் மட்டுந்தான். அது போதும் அம்முலு" என்றாள்.

அக்காதான் எங்கள் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. பன்னிரண்டு பெண்கள். பாதிப் பேர் அக்காவைப் போல் ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள், பாதிப் பேர் என்னையும் செங்கேணியையும் போல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். எந்தக் கழனியானாலும் ஈசானி மூலையில் அக்கா முதல் நாற்றை நட்ட பிறகுதான் மற்றவர்கள் குனிவோம். நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டு ஜெபம் சொல்வாள். மூலையில் சாணிப் பிள்ளையார் இருப்பார், ஜெபம் ஏசுவுடையது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

அன்றைக்கு ஆண்டாளம்மாள் கழனி. கற்பூரத் தட்டோடு வரப்பில் வந்து நின்றார்.

"ஞானசுந்தரி மொத நாத்து நட வேணாம். செங்கேணி, நீ எறங்கு."

"ஏம்மா?" என்றேன்.

"தாலி அறுத்தவ கை மொதல்ல மண்ணுல படக் கூடாதுடி. அவ மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. போன போகமே பூச்சி வந்து பாதி போச்சு. பயமா கீது."

பயம் நிஜம்தான். அதற்காக என் ஆத்திரம் அடங்கிவிடவில்லை. அன்று காலை அவர் வீட்டு மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியது இதே கைதான். மாட்டுக்கு ஆகிற கை மண்ணுக்கு ஆகாதாம்!

 அக்கா வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள். முகம் செத்துப்போயிருந்தது. நாள் முழுக்க அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நிமிஷம். அதையும் பிடுங்கிக்கொண்டார்களே!

செங்கேணி ஒரு நாற்றை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனாள். எங்களில் பேச்சே வராத பெண் அவள். போனவள் குனியவில்லை.

"நடுடி" என்றார் ஆண்டாளம்மாள்.

"ஜெபம் சொல்லாம எப்படிம்மா நடறது?"

"உனக்கு இன்னாடி ஜெபம்? உங்க சாமி பேரச் சொல்லு."

"இத்தினி வருசமா அக்கா சொல்லித்தாம்மா நமக்குப் பயக்கம்." செங்கேணி திரும்பினாள். "அக்கா, நீ அங்கருந்தே சொல்லு. நாங்க காத்துக்கினு கீறோம்."

சொல்லிவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டோம். ஆளுக்கொரு நாற்று எடுத்தோம். கை முதலில் படக் கூடாது என்றுதானே சொன்னார், வாய் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லையே! 

அக்கா கண்ணை மூடினாள்.  குரல் நன்றாகவே கேட்டது.

"கர்த்தாவே, இந்தக் கழனி எங்களுது இல்ல. இந்த நாத்தும் எங்களுது இல்ல. கை எங்களுது. அத ஆசீர்வாதம் பண்ணு. இந்தச் சோறு யாரு தட்டுல வியுந்தாலும் அவங்க பசி ஆறணும். ஆமென்."

"ஆமென்" என்றோம் எல்லோரும். நானும்தான். மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தச் சொல் வாயிலிருந்து விழும்போதே பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தோம். பன்னிரண்டு நாற்றும் ஒன்றாகச் சேற்றில் இறங்கின. அக்காவுடையதும்.

"யாருடி மொதல்ல வெச்சது?" ஆண்டாளம்மாள் குரல் உயர்ந்தது.

"பன்னெண்டு பேருந்தாம்மா" என்றாள் செங்கேணி, தலையைத் தூக்காமல்.

என் வாய் சும்மா இருக்குமா? "எது மொதல்ல வெச்சதுன்னு அடையாளம் தெரிஞ்சா புடுங்கிக்கோங்கம்மா" என்றேன்.

அவர் ஒவ்வொரு நாற்றாகப் பார்த்தார். பிறகு கற்பூரத்தை ஏற்றினார்.

அந்த வருஷத்திலிருந்து மானாம்பதி வரைக்கும் எந்தக் கழனியிலும் நாங்கள் அப்படித்தான் நடுகிறோம். இதை யாரிடம் சொல்லும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

அன்று பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டே அக்காவின் பக்கத்தில் வந்தேன்.

"உன்னோட ஒரு நிமிசம் உனக்குக் கெடச்சிடுச்சா அக்கா?"

"இல்லடி" என்றாள். "இன்னிக்கி அது நம்ம பன்னெண்டு பேருக்கும் ஆயிடுச்சி."