ஊன்றிய கால்

கல்பனாவின் கால் கஸ்தூரியின் காதுவரை வந்து, தோட்டைத் தொடாமல் திரும்பிப் போனது. நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் வரிசையாக நின்ற பெண்கள் அத்தனை பேரும் "அம்மாடி" என்றார்கள். மாஸ்டர் வீரமணி வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டுக் கை தட்டினான். கல்பனாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. தோளில் இல்லாத துப்பட்டாவைப் பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களுக்கு அது கராத்தே. கஸ்தூரிக்கு அப்படித் தெரியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வந்த சின்ன மருமகள், பதினான்கு வருஷமாக அந்த வீட்டில் இருக்கும் பெரிய மருமகளின் மூஞ்சிக்கு நேராகக் காலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சிரிக்கிறாள். ஊர் அதற்குக் கை தட்டுகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அவளைக் களத்துக்கு அழைத்து வந்ததே கஸ்தூரிதான். எட்டு மாதத்துக்கு முன்னால், மகள் பிரியதர்ஷினியைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தபோது, "சும்மாதானக்கா உக்காந்திருக்கீங்க, நீங்களும் பின்னால வந்து நில்லுங்க" என்று வீரமணி தாய்மார்களைப் பார்த்துச் சொன்னான். அவன் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும் அவர்கள் ஊரான கரியமாணிக்கத்துக்கு வருவான். கஸ்தூரி எழுந்து நின்றாள். அவன் எண்ணிக்கை சொல்ல, முட்டியை மடக்கிக் காலை முன்னால் விட்டாள். பெரிய உயரம் ஒன்றும் போய்விடவில்லை, இடுப்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆனாலும் மாட்டுக்காகவோ கரும்புக்காகவோ பிள்ளைக்காகவோ இல்லாமல் முப்பத்தேழு வயதில் அவள் உடம்பை அசைத்தது அன்றுதான். வீட்டுக்கு வந்து மாமியார் விருத்தாம்பாளிடம் மென்று விழுங்கிக் கேட்டாள்.

"ரெண்டு பேரா போறதுன்னா போங்க. ஒண்டியா ஒருத்தி காலத் தூக்கிக்கினு நின்னா பாக்கறவன் இன்னா சொல்லுவான்?" என்றாள் விருத்தாம்பாள்.

ஆக, துணைக்குக் கல்பனா வேண்டியிருந்தது. "எனக்கு அதெல்லாம் ஒத்து வராதுக்கா, இடுப்பு புடிச்சிக்கும்" என்று அவள் பிகு பண்ணினாள். மூன்று நாள் கெஞ்சி, அவள் முறைப் பாத்திரங்களையும் சேர்த்துத் துலக்கி, அவளுடைய மூன்று வயதுப் பையனைக் குளிப்பாட்டிவிட்டு, கஸ்தூரி அவளைச் சம்மதிக்க வைத்தாள். வந்த முதல் நாளே கல்பனாவின் கால் தோள் உயரத்துக்குப் போனது. "முன்னாடியே எங்கனா கத்துக்கினீங்களா?" என்று வீரமணி கேட்டான். அவள் வெட்கப்பட்டு இல்லை என்றாள்.

அன்று தொடங்கியது கஸ்தூரிக்கு வயிற்றெரிச்சல். அதற்குப் பெயர் பொறாமை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் அணைந்துவிடுமா என்ன? கல்பனா பி.காம். படித்தவள், கஸ்தூரி பத்தாவதோடு நின்றவள். கல்பனாவுக்கு ஆண் பிள்ளை. மீன் குழம்பு வைக்கிற நாளில் மாமியார் கரண்டியை விட்டுத் துழாவி நடுத்துண்டாகப் பார்த்துப் போடுவது கல்பனாவின் தட்டில். வந்த புதிதில் "வாங்கக்கா, போங்கக்கா" என்றவள், ஒரு வருஷம் கழித்து யாரையும் கேட்காமல் "வாக்கா, போக்கா" என்று ஆக்கிக்கொண்டாள். இதையெல்லாம் கஸ்தூரி எப்படியோ விழுங்கிவிட்டாள். ஆனால் களம் அவள் கண்டுபிடித்த இடம். ஒன்றே ஒன்றாவது தனக்கென்று இருக்கட்டும் என்று அவள் போய் நின்ற இடம். அங்கேயும் இவள் வந்து காதுவரை காலைத் தூக்கினால் மனுஷி எங்கேதான் போவாள்?

கஸ்தூரியின் கால் மேலே போகாதது மட்டுமல்ல சங்கடம். ஜோடி சேர்ந்து உதைத்துப் பழகும்போது அவள் கால் தப்பித்தவறி எதிரில் நிற்பவர் மேல் பட்டுவிட்டால், உடனே குனிந்து, அவரைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். யோசித்துச் செய்வதில்லை. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊறிப்போனது, வெள்ளை உடுப்புப் போட்டால் போய்விடுமா? அவள் குனிந்து ஒற்றிக்கொள்ளும்போதெல்லாம் சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். "நீங்க கும்புடு போட்டு நிமிர்றதுக்குள்ள அவங்க ரெண்டு வாட்டி உதைச்சிடுவாங்கக்கா" என்பான் வீரமணி. கல்பனாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. முதலில் கொஞ்ச நாள், கால் படும்போது "ஸாரிக்கா" என்றாள். பிறகு அதுவும் நின்றுபோனது. கஸ்தூரி கணக்காகக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். தொடையில், முழங்கையில், விலாவில் என்று மூத்தவளை எட்டு மாதமாக இளையவள் உதைத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு தடவைகூடத் தொட்டுக் கும்பிட்டதில்லை.

இப்போது, காதுவரை வந்த உதைக்குக் கை தட்டி முடித்த கையோடு வீரமணி இருவரையும் ஓரமாக அழைத்தான். வில்லியனூரில் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கப் போகிறானாம். கூட ஒரு பொம்பளையும் நின்றால்தான் அனுப்புவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்களாம். "வரிசையா நிக்க வைக்கணும், எண்ணிக்கை சொல்லணும், கால எப்படித் தூக்கணும்னு போட்டுக் காட்டணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வாங்க. நாலாவது ஞாயித்துக்கிழம ஒரு தபா உதைச்சுக் காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்றான். வில்லியனூர் என்றால் பஸ் ஏறிப் போக வேண்டும். வாரம் ஒரு நாள், காலையிலிருந்து மதியம் வரை. இருபது பெண்கள் முன்னால் நின்று எண்ணிக்கை சொன்னால் அந்தப் பிள்ளைகள் கட்டாயம் 'மேடம்' என்றுதான் கூப்பிடும். கஸ்தூரியைப் பிறந்ததிலிருந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு நாளாவது கூப்பிட வேண்டும், அதையும் இவள் தட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து, பால் கறந்து முடித்ததும், தோட்டத்துப் பக்கம் துணிக் கொடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு உதைக்க ஆரம்பித்தாள். பக்கவாட்டில் சுழற்றி விடும் ரவுண்ட் கிக். முட்டியை முதலில் தூக்க வேண்டும், இடுப்பைத் திருப்ப வேண்டும், தரையில் ஊன்றிய காலின் குதிகால் எதிரியைப் பார்க்கிற மாதிரி திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் உதை. வாயால் சொன்னால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அவளுக்கு ஊன்றிய கால் ஆணி அடித்தது போல நின்றது. காலை வீசும்போதெல்லாம் அந்த முட்டி முறுக்கிக்கொண்டு வலித்தது. ஒரு வாரத்தில் மாடிப்படி ஏற முடியவில்லை. புருஷன் ராமு பல் துலக்கிக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "இன்னா, துண்டுமேல இம்மாங் கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வழி காட்டியது சோப்புத் தண்ணீர்தான். ஒருநாள் துணி துவைத்துவிட்டு, நுரை கழுவாத தரையில் நின்றபடியே கோபத்தில் காலை வீசினாள். ஊன்றிய கால் வழுக்கியது. விழுந்தோம் என்று நினைத்தாள்; விழவில்லை. குதிகால் தானாகச் சுழன்று கொடியைப் பார்த்து நின்றது, இடுப்பு திறந்துகொண்டது, துண்டு பறந்து போய் மாட்டுக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. முட்டியில் வலியே இல்லை. எட்டு மாதமாக மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தானா என்று நுரைக்குள் நின்று சிரித்தாள். அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. கல்பனாவின் குதிகாலும் திரும்புவதில்லை. உடம்பு வளைகிற உடம்பு, அதனால் கால் மேலே போய்விடுகிறது. யாரும் கீழே பார்ப்பதில்லை. அந்த உதையில் உயரம் இருக்கிறது, பாரம் இல்லை. கஸ்தூரி இதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. தினம் ஐம்பது முறை, முதலில் நுரையில், பிறகு ஈரத் தரையில், கடைசியில் காய்ந்த தரையில் உதைத்துப் பழகினாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை களத்தின் பாதியில் யாரோ நெல் கொட்டியிருந்தார்கள். மீதிப் பாதியில் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். உதை உடம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், அதுதான் விதி. முதலில் கல்பனா. வழக்கம்போல் கால் காதுவரை வந்து அழகாக நின்றது. வழக்கம்போல் கை தட்டினார்கள். காலை இறக்கும்போது அவள் கஸ்தூரியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை, கூடப் பிறந்தவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புத்தான். ஆனால் எரிகிறவளுக்கு எல்லாச் சிரிப்பும் ஒன்றுதான். வீரமணி விசில் ஊதினான். கஸ்தூரியின் முட்டி மேலே வந்தது, குதிகால் சுழன்றது, நிறுத்த வேண்டிய இடத்தில் கால் நிற்கவில்லை. நிறுத்த அவள் நினைக்கவும் இல்லை. அரிசி மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கல்பனா விலாவைப் பிடித்துக்கொண்டு நெல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் கை தட்டவில்லை. பெண்கள் ஓடிப்போய்க் கல்பனாவைத் தூக்கினார்கள். கஸ்தூரி நின்ற இடத்திலேயே நின்றாள். குனியவில்லை, கை கண்ணுக்குப் போகவில்லை. போகவில்லை என்பதே வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தெரிந்ததும் பயமாக இருந்தது.

"கிக்கு பிரமாதம்க்கா. இப்படி ஒரு கிக்கு இந்தக் களத்துல யாரும் வுட்டது இல்ல" என்றான் வீரமணி. குரலில் சந்தோஷமில்லை. "ஆனா நிறுத்தலியே. சின்னப் புள்ளைங்க முன்னாடி இப்படிப் பண்ணா இன்னா ஆவும்? கல்பனாக்கா நிறுத்தறாங்க, வெயிட்டு இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழம ரெண்டு பேரும் இன்னொரு வாட்டி போடுங்க. அப்பறம் சொல்றேன்."

மாமியாரிடம் கல்பனா, நெல்லில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே சொன்னாள். உடனே வீடு அவளைச் சுற்றிக்கொண்டது. கல்பனாவின் புருஷன் அரிகரன் தைலம் வாங்க ஓடினான். "அவள ஒரு வேலயும் செய்யச் சொல்லாத" என்று விருத்தாம்பாள் கஸ்தூரிக்கு உத்தரவு போட்டாள். ஐம்பது ஐம்பதாக உதைத்துப் பழகியது ஒருத்தி, உபசாரம் இன்னொருத்திக்கு என்று கஸ்தூரிக்கு மறுபடியும் எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுச் சாய்ந்த நேரத்தில், துணி துவைக்கும் கல்லில் கல்பனாவை உட்காரவைத்து உப்பு ஒத்தடம் கொடுத்தாள். ஜாக்கெட்டுக்குக் கீழே, விலாவில், நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. உள்ளங்கை அகலம் கூட இல்லை. விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு முன்பாதத்தால் அடித்தால்தான் இப்படி ஒரே இடத்தில் விழும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறான். கஸ்தூரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம் என்று இருந்தது; அதோடு கூட, எவ்வளவு சரியாக விழுந்திருக்கிறது என்றும் இருந்தது. யாரிடம் காட்ட முடியும்? அவள் வாழ்நாளில் உதைத்த ஒரே நல்ல உதை, அதுவும் கல்பனாவிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"வலிக்குதா?"

"வலிக்காம இன்னா?" என்றாள் கல்பனா. ஒத்தடத் துணியை நகர்த்திவிட்டு, "அக்கா, உன் குதிகால் எங்கியோ சுத்திக்கினு போச்சி. நான் பாத்தன். அத எனக்குச் சொல்லிக் குடு" என்றாள்.

"எதுக்கு?"

"இன்னா எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத்தான்." அவள் கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். "எனக்கு அந்த வில்லியனூர் வேணும்க்கா. வாரத்துல ஒரு நாளாவது இந்த வூட்ட வுட்டு வெளிய போவலன்னா எனக்குக் கிறுக்குப் புடிச்சிடும்."

கஸ்தூரி, நடுத்துண்டு மீன் சாப்பிடுகிறவளுக்குமா என்று நினைத்தாள். அதற்குள் கல்பனா எழுந்துவிட்டாள். ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு, மறு கையால் துணிக் கொடி கட்டிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது முட்டியைத் தூக்கினாள். நோகும்போதுகூட முட்டி எவ்வளவு லேசாக மேலே வருகிறது என்று பார்த்தாள் கஸ்தூரி. ஊன்றிய இடது கால் மட்டும் ஆணி அடித்தது போல நின்றது.

கஸ்தூரி குந்தி உட்கார்ந்து அந்தக் குதிகாலைக் கையில் பிடித்தாள். வெள்ளையாக, வெடிப்பில்லாத குதிகால். மெல்லத் திருப்பினாள். பாதி திரும்பியது. இன்னும் நாலு விரற்கடை திருப்பினால் கொடியைப் பார்க்கும், இடுப்பு திறந்துகொள்ளும், உயரத்தோடு பாரமும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு இவளை யாராலும் எட்ட முடியாது. இங்கேயே விட்டால் உதை எப்போதும்போல அழகாக இருக்கும், ஆனால் கூடிய சீக்கிரம் முட்டி முறுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறவிடாது. கல்பனாவின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் காலில் இருந்தது. கைக்குள் அது நடுங்குவது தெரிந்தது.

"இவ்ளோ திரும்புனா போதுமாக்கா?" என்று மேலேயிருந்து கல்பனா கேட்டாள்.

கஸ்தூரி நிமிர்ந்து பார்க்கவில்லை. குதிகால் அவள் கையிலேயே இருந்தது.